செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போனவர்கள்

கதிர்மலை ஆஸ்பத்திரியில் டாக்டர்மார் பன்னிரண்டு பேர், நர்ஸ்மார் நாற்பது பேர். ஆனால் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அங்கே வருகிற தேயிலைத் தோட்டத்துச் சனம் முதலில் கேட்பது, "சுதர்ஷினி மிஸ் இருக்காங்களா?" என்றுதான். அவள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வாசலைத் தாண்டியதும் வலது கைப்பக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் காப்புறுதி மேசையில் உட்கார்ந்திருக்கிறவள். இன்சூரன்ஸ் அட்டையை அவளிடம் நீட்டினால் போதும். கொழும்புக்குப் போன் போட்டு, படிவம் நிரப்பி, அனுமதி வாங்கி, கையில் காசில்லாதவரையும் கட்டிலில் படுக்க வைத்துவிடுவாள். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அதையும் சொல்லத்தான் வேணும்.

வயது நாற்பது. பிறந்தது சாமிமலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட, அவளை வளர்த்து ஏ.எல். வரைக்கும் படிக்க வைத்தது பன்னிரண்டு வயது மூத்த அக்கா மீனம்மா. தங்கச்சி மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அக்கா இன்னமும் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள்.

அந்த அக்காவுக்குப் பித்தப்பையில் கல். ஒரு வருஷமாக விலாவுக்குக் கீழே சுருக்கென்று பிடிக்கும். பிடித்தால் கூடையோடு மலைச்சரிவிலேயே உட்கார்ந்துவிடுவாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தான், நல்ல டாக்டர்மார்தான். ஆனால் வரிசை நீளம். கிடைத்த திகதி அடுத்த மார்கழிக்கு. அதுவரைக்கும் யார் தாங்குவது? தோட்டச் சங்கம் மாசாமாசம் சம்பளத்தில் பிடித்துக் கட்டுகிற இன்சூரன்ஸ் எதற்கு இருக்கிறது என்று, சுதர்ஷினி தன் கையாலேயே படிவம் போட்டு, கதிர்மலையில் ஏப்ரல் ரெண்டாம் திகதி வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவாக்கினாள்.

அப்போதுதான் வந்தது வினை. அந்த இன்சூரன்ஸைக் கொடுக்கிற நிழற்குடை கம்பெனிக்கும் கதிர்மலைக் குழுமத்தின் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் இருக்கிற ஒப்பந்தம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் ஏப்ரல் ஒன்றிலிருந்து அட்டையைக் காட்டிப் படுக்க முடியாது. ஏற்கெனவே கொடுத்த அனுமதியும் ரத்து. முழுக் காசையும் முன்னாலேயே கட்டிவிட்டு, பிறகு கம்பெனியின் பின்னால் அலைய வேண்டியதுதான். மீனம்மாவிடம் ஏது மூன்று லட்சம்? இதே அட்டையை நம்பியிருக்கிற பத்தொன்பது தோட்டத்துச் சனத்திடமும்தான் ஏது?

கதிர்மலையின் முதலாளி நாகரத்தினம். ஹட்டன் கடைவீதியில் மூன்று தலைமுறையாகப் புடவைக்கடை வைத்திருக்கிற குடும்பம். அந்த லாபத்தில்தான் ஆஸ்பத்திரி கட்டினார். இன்றைக்கும் காலையில் பத்து மணி வரைக்கும் கடையில் உட்கார்ந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார். ‘கெஞ்சினால் மிஞ்சுவான், மிஞ்சினால் கெஞ்சுவான்’ என்பது அவருடைய வியாபார வேதம். கம்பெனியோடு பேரம் பேசும்போதும் அதுதான். கட்டில் வாடகையை நூற்றுக்குப் பத்து கூட்டிக் கேட்டார். கம்பெனி நூற்றுக்குப் பத்தைக் குறைக்கச் சொன்னது. இதெல்லாம் வழக்கமான இழுபறிதான், நாலு நாளில் நடுவில் வந்து நிற்கும் என்று எல்லாரும் இருந்தார்கள்.

மார்ச் பன்னிரண்டாம் திகதி கம்பெனியின் ஆள் நிப்ராஸ் கொழும்பிலிருந்து கணினித் திரையில் தோன்றினார். முப்பத்தைந்து வயது இருக்கும். சிரித்த முகம், ஆனால் கேள்வி கூர். குறிப்பெடுக்க சுதர்ஷினியும் முதலாளியின் அறையில் உட்கார்ந்திருந்தாள்.

"சேர், இந்தப் படத்தக் கொஞ்சம் பாருங்க," என்றார் நிப்ராஸ். "எந்தக் கிழமையில எத்தன பேர உங்க ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பியிருக்குன்னு போட்டிருக்கோம்."

திங்கட்கிழமை நல்ல உயரத்துக்கு ஒரு கட்டை. புதன்கிழமை அதைப்போல ரெண்டு மடங்கு. நடுவில் செவ்வாய்க்கிழமை, பல் விழுந்த இடம் மாதிரி ஓட்டையாக இருந்தது.

"செவ்வாய்க்கிழமை உங்க டாக்டர்மாருக்கு லீவா சேர்?"

"எங்களுக்கு ஏது தம்பி லீவு," என்றார் முதலாளி.

"அப்ப ஏன் ஒரு நாள் கூடுதலா வெச்சிருக்கீங்க? ஒவ்வொரு படிவத்திலயும் ‘வைத்தியர் கண்காணிப்பு’ன்னு எழுதியிருக்கு. டாக்டர்மாரைக் கேட்டா, நாங்க அப்பிடிச் சொல்லவே இல்லன்றாங்க. மன்னிக்கணும் சேர், கட்டில் காசு ஒரு நாளைக்குக் கூட எடுக்கத்தான் இதுன்னு எங்க மேலிடம் நெனைக்குது."

முதலாளியின் முகம் சிவந்துபோனது. "என்னைக் கள்ளன்னு சொல்றியா? எங்கப்பா முழம் போட்ட துணியில ஒரு விரக்கடை குறைஞ்சதில்ல. ஒப்பந்தமும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்று கணினியைப் படக்கென்று மூடிவிட்டார்.

சுதர்ஷினி குறிப்பெழுதுவதை அப்படியே நிறுத்திவிட்டாள். ஏனென்றால் அந்தப் படிவங்கள் அத்தனையையும் நிரப்பியது அவள்தான்.

விஷயம் இதுதான். நம்ம சனம் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகாது. செவ்வாய் வெறுவாய். அன்றைக்குப் புறப்பட்டால் நோயும் கூடவே வீடு வந்து சேரும், இல்லாவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரிக்கே இழுத்துக்கொண்டு வரும் என்று ஒரு பயம். திங்கட்கிழமை காலையில் டாக்டர் வந்து, "நாளைக்கு டிக்கெட் வெட்டலாம், வீட்டுக்குப் போகலாம்" என்பார். அவர் தலை மறைந்ததும், "நாளைக்குச் செவ்வாயாச்சே மிஸ், புதன் போறேன்" என்று இவளிடம் வந்து நிற்பார்கள். ஒரு நாள் கூட இருந்ததற்குக் காரணம் எழுதப் படிவத்தில் நாலே நாலு கட்டம். மூன்று கட்டத்தில் நோய்க் காரணம், கடைசியில் ‘வேறு’. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருதடவை ‘வேறு: செவ்வாய்க்கிழமை’ என்று எழுதி அனுப்பினாள். ‘விளங்கவில்லை, திருத்தி அனுப்பவும்’ என்று திரும்பி வந்தது. அன்றைக்கு முதல் கட்டத்தில் ‘வைத்தியர் கண்காணிப்பு’ என்று ஒரு புள்ளடி போட்டாள். அதன்பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

அது பொய் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. நல்லா யோசித்துப் பாருங்கள், செவ்வாய்க்கிழமை எவராவது வீட்டுக்குப் போவார்களா?

வாயை மூடிக்கொண்டு இருந்தால் வேலை தப்பும், அக்காவின் ஆபரேஷன் போய்விடும். வாயைத் திறந்தால் வேலையே போய்விடலாம். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று, எல்லாவற்றையும் முதலாளியிடம் கொட்டிவிட்டாள்.

"ஏன் இத முன்னாலயே சொல்லல?" என்றார் முதலாளி.

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்குன்னு நெனச்சேங்கய்யா. செவ்வாய்க்கெழம யாருங்க போவாங்க?"

"அதானே," என்றார் முதலாளி தன்னை மறந்து. "யார் போவா?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படத்தில் அந்த ஓட்டையைப் பார்த்த நேரத்தில் ரெண்டு பேருக்குமே அது விசித்திரமாகத் தெரியவில்லையே. முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு, "அந்தப் பொடியனுக்குப் போன் போடு," என்றார்.

நிப்ராஸ் முழுக்கதையையும் கேட்டார். நடுவில் குறுக்கிடவில்லை. முடிந்ததும் சிரித்துவிட்டார்.

"மிஸ், நாங்க ஆறு மாசமா அஞ்சு பேர் உக்காந்து இதுல என்ன கள்ளத்தனம்னு தேடியிருக்கோம். ஒருத்தருக்காவது இது தோணல. நீங்க சொன்னத நான் நம்புறேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். செவ்வாய்க்கிழமைக்குப் பயந்து படுத்திருக்கிற ஒரு நாளைக்கு கம்பெனி எப்பிடிக் காசு குடுக்கும்?"

கேள்வி நியாயம்தான்.

"முப்பத்தொண்ணுக்கு முன்னால ரெண்டு செவ்வாய் இருக்கு. அந்த ரெண்டு நாளும் சுகமானவங்களை அன்னைக்கே அனுப்பிக் காட்டுங்க. காட்டினா, பழசக் கிளற வேணாம்னு மேலிடத்துல நான் பேசுறேன். இல்லாட்டி என்னாலயும் ஒண்ணும் செய்ய ஏலாது."

சொல்லிவிட்டார். செய்வது யார்? ஆயிரம் வருஷத்துப் பயத்தை ரெண்டு வாரத்தில் போக்கடிக்க சுதர்ஷினி என்ன மந்திரவாதியா?

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனாள். அக்கா கஞ்சியைத் தவிர ஒன்றும் சாப்பிட முடியாமல் இளைத்துப்போயிருந்தாள். ஆபரேஷன் நடக்காமல் போகலாம் என்று சொல்ல வந்தவளுக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. செவ்வாய்க்கிழமைச் சங்கதியை மட்டும் சொன்னாள். மீனம்மா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடியே, இதுக்கா மண்டையப் போட்டு உடைச்சுக்கிற? பரஸ்தானம் வெச்சாச் சரியாப்போச்சு. நீ ஆஸ்பத்திரி வேலைக்குப் போன மொத நாளு என்ன கெழம? செவ்வா. உன் பைய நான் திங்கக்கெழம சாயந்தரமே நல்ல நேரம் பாத்து கங்காணி வீட்டுல கொண்டுபோய் வெச்சேன்ல? உன் சாமான் திங்களே பொறப்பட்டுருச்சு. சாமான் பொறப்பட்டா நீயும் பொறப்பட்ட மாதிரித்தான். மறுநாள் நீ சும்மா போய் அதோட சேந்துக்கிட்ட. அவ்ளோதான்."

சுதர்ஷினி அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் அந்த வேலையில் அவள் நிலைத்திருப்பதற்குக் காரணம் அந்தப் பைதான் என்று அக்கா இன்றைக்கும் நம்புகிறாள். அதை மறுக்கத் தங்கச்சிக்கும் தைரியம் கிடையாது.

மறுநாள் திங்கட்கிழமை மத்தியானமே வார்டு வார்டாகப் போனாள். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னவர்கள் ஒன்பது பேர். "உங்க பையில ஒண்ணக் குடுங்க. நல்ல நேரத்துல வெளியில கொண்டுபோய் வெச்சிர்றேன். நாளைக்கு நீங்க பொறப்படுறதில்ல, ஏற்கெனவே பொறப்பட்டாச்சு," என்றாள். ஒருவர் செருப்பைக் கொடுத்தார், ஒருவர் குடையைக் கொடுத்தார், ஒரு பிள்ளைத்தாச்சி குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த கம்பளித் தொப்பியைக் கொடுத்தாள்.

எங்கே வைப்பது? ஆஸ்பத்திரிக்கு எதிரே ஹமீத் நானாவின் கடை. சிவனொளிபாத மலைக்குப் போகிற யாத்திரைச் சனத்துக்குக் குரங்குத் தொப்பியும் டோர்ச்சும் விற்கிறவர். இவள் ரெண்டு கை நிறையச் சாமானோடு போய் நின்றதும், "என்னா தங்கச்சி, வீட்டுல சண்டையா?" என்றார். விஷயத்தைச் சொன்னாள். "அப்ப இன்னையில இருந்து என் கட உங்க ஆஸ்பத்திரிக்குக் கிளையாக்கும். போர்டு ஒண்ணு மட்டும் எழுதிக் குடுங்க," என்று மேல்தட்டைக் காலி பண்ணிக் கொடுத்தார்.

எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று பார்த்தால், தலவாக்கலையிலிருந்து வந்திருந்த லோஜினி என்கிற பெண் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "மிஸ், ஹமீத் நானா கட மஸ்கெலியாப் போற பக்கம் இருக்கு. என் ஊரு அதுக்கு எதிர்ப் பக்கம். பை ஒரு தெசைக்கும் ஆளு ஒரு தெசைக்கும் போனா வெளங்குமா?" என்றாள். கட்டிலில் படுத்திருந்த மற்ற ரெண்டு தலவாக்கலைக்காரரும் ஆமா ஆமா என்று தலையை ஆட்டினார்கள். கொடுத்த சாமானைத் திருப்பிக் கேட்டார்கள்.

சுதர்ஷினிக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் லோஜினி சொன்னதில் பிழை இல்லையே. முறை என்றால் முறைதான். மறுநாள் ஒன்பது பேரில் ஆறு பேர் போனார்கள். தலவாக்கலைக்காரர் மூன்று பேரும் புதன்கிழமை வரைக்கும் நகரவில்லை.

அடுத்த வாரத்துக்கு ஒரு வழி பண்ணினாள். தலவாக்கலை பஸ் நிற்கிற இடத்தில் ஜீவராணி என்கிறவளின் பழக்கடை. இரண்டாவது பரஸ்தானம் அங்கே. இருபத்துமூன்றாம் திகதி திங்கட்கிழமை இரண்டு கடையிலும் பை குவிந்தது. ஹமீத் நானாவின் கடையில் குவிந்ததைப் பார்த்து, நல்லதண்ணிக்குப் போகிற யாத்திரைக்காரர் ரெண்டு பேர் இது சாமான் பாதுகாக்கிற இடமாக்கும் என்று தங்கள் பைகளையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் மலையிலிருந்து இறங்கி வந்து, கட்டணம் எவ்வளவு என்று கேட்டார்களாம். ஹமீத் நானா அவர்களுக்கு ஆளுக்கொரு தொப்பி விற்றுவிட்டுத்தான் பையைக் கொடுத்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை போக வேண்டியவர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் காலையிலேயே போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் இருந்தார், அவருக்கு உண்மையிலேயே காய்ச்சல். சுதர்ஷினி படிவத்தில் ‘காய்ச்சல்’ என்று புள்ளடி போட்டுவிட்டு, தன் மேசையில் உட்கார்ந்தபடியே தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் செவ்வாய்க்கிழமைப் படிவத்தில் மனசாரப் புள்ளடி போட்டிருக்கிறாள்.

ரெண்டு வாரத்துக் கணக்கையும் பார்த்த நிப்ராஸ், தலவாக்கலைக்காரர் மூன்று பேரைப் பெரிசுபடுத்தாமல், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பழசைக் கிளறுவதில்லை என்று கம்பெனி ஒத்துக்கொண்டது. இதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம் என்றார். அப்படிச் சேர்ந்ததுதான் ஒன்பதாம் பிரிவு. ‘செவ்வாய்க்கிழமை வெளியேறவுள்ள நோயாளரின் உடைமையொன்று, அவர் விரும்பின், முதல் நாள் மாலை அவரது ஊர்த் திசையிலுள்ள பொருத்தமான இடத்துக்கு அனுப்பப்படும்’ என்று மூன்று மொழியிலும் எழுதினார்கள். கொழும்பிலுள்ள சட்டத்தரணியம்மா மூன்றுதரம் போன் எடுத்து, இது என்ன, ஏன் ஒரு ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தில் செருப்பும் குடையும் வருகிறது என்று கேட்டாராம். நிப்ராஸ் பொறுமையாக விளக்கினார். கடைசியில் அந்த அம்மாவே, ‘பொருத்தமான இடம்’ என்பதை ‘பொருத்தமான, மழை படாத இடம்’ என்று திருத்திக் கொடுத்தார்.

திங்கட்கிழமை சாயந்தரம் வரைவு முழுசாக வந்தது. கட்டில் வாடகை மட்டும் பாக்கி. அதை நேரில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று, மற்றப் பக்கங்களிலெல்லாம் முதலாளி சிறுகையெழுத்துப் போட்டுக் கொழும்புக்கு அனுப்பினார். மறுநாள் முப்பத்தோராம் திகதி, விடியக் காரில் புறப்பட்டு மத்தியானம் நிப்ராஸ் ஹட்டனுக்கு வந்து சேர்ந்தார்.

அந்தப் பேரத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். முதலாளி நூற்றுக்குப் பத்து என்று தொடங்கினார். நிப்ராஸ் ரெண்டு என்றார். முதலாளி எட்டு என்றார். நிப்ராஸ் மூன்று என்றார். முதலாளி சோற்றுப் பார்சல் வரவழைத்தார், சாப்பிடும்போது பேரம் பேசக் கூடாது என்று ஊர்க்கதை பேசினார், கை கழுவி வந்ததும் ஏழு என்றார். நிப்ராஸ் எழுந்து நின்று பையை மாட்டினார். முதலாளி, "இருங்க தம்பி, கடைக்கு வந்த ஆளு வெறுங்கையோட போகக் கூடாது," என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். மூன்று மணிக்கு நூற்றுக்கு ஐந்தில் வந்து முடிந்தது. ரெண்டு பேரும் தோற்றவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தார்கள்.

சுதர்ஷினி முத்திரை பதித்த காகிதங்களை அடுக்கி வைத்தாள். பேனாவை எடுத்து நீட்டினாள். முதலாளி பேனாவை வாங்கி, காகிதத்துக்கு நேரே கொண்டுபோய், அப்படியே நிறுத்தினார்.

"இன்னைக்குச் செவ்வாயாச்சே," என்றார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

"நாளைக்கு விடிஞ்சதும் போட்டுர்றேன்," என்றார் முதலாளி பேனாவைக் கீழே வைத்து.

"சேர், இன்னைக்கு ராத்திரி பன்னிரண்டு மணியோட பழைய ஒப்பந்தம் முடியுது," என்றார் நிப்ராஸ். "ஒரு நாள் இடைவெளி வந்தாலும் குடுத்த அனுமதியெல்லாம் செல்லாது. எல்லாத்தையும் புதுசாப் போட்டு எடுக்க மூணு வாரமாவது போகும்."

சுதர்ஷினியால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, எங்கக்காவுக்கு நாளன்னைக்கு ஆபரேஷன். அவங்கதான் என்னை வளத்தவங்க. ஒரு வருஷமா வலி தாங்கிக்கிட்டுக் கொழுந்து பறிக்கிறாங்க. இன்னும் மூணு வாரம் அவங்களப் பொறுத்துக்கோங்கன்னு என்னால போய்ச் சொல்ல முடியாது. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், போடுங்க," என்றாள். இத்தனை நாளும் அக்காவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

முதலாளி கல்மனசுக்காரர் இல்லை. அவர் கண்ணும் கலங்கியது. "இத நீ ஏன் முன்னாலயே சொல்லலம்மா," என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "உன் அக்காவுக்காகத்தான் சொல்றேன். இன்னைக்குத் தொடங்குற காரியம் வெளங்காதுன்னு தெரிஞ்சே போடுறதா? அதுல நடக்கிற மொத ஆபரேஷனே உன் அக்காவோடது," என்றார்.

சுதர்ஷினிக்கும் அது உள்ளே போய்த் தைத்தது. போடுங்க என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம். இருபது பேரைச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்பக் கிளம்பினவள், தன் அக்கா என்று வந்ததும் பேனாவை எடுத்துக் கொடுக்கத் துணியவில்லை.

நிப்ராஸ் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து எதையோ தேடினார்.

"சேர், நேத்து என்ன கிழமை?"

"திங்கள்."

"நேத்து நாலே முக்காலுக்கு நீங்க சிறுகையெழுத்துப் போட்ட காகிதம் எனக்குக் கொழும்புக்கு வந்திருக்கு. இந்தா நேரம் போட்டிருக்கு. ஒப்பந்தம் அப்பவே உங்க வாசலத் தாண்டிட்டுது. எங்க ஆபீஸ் கொழும்புப் பக்கம், ஒப்பந்தம் போக வேண்டிய ஊரும் அதுதான். திசையும் சரி." போனை மேசையில் வைத்தார். "பை நேத்தே போயாச்சு சேர். ஆள் போறதுதான் பாக்கி."

முதலாளி எழுந்து சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியிடம் போனார். கண்ணாடியைப் போட்டார். திங்கட்கிழமைத் தாள் காலையிலேயே கிழிபட்டுப் போயிருந்ததால், குப்பைக் கூடையிலிருந்து அதை எடுத்து நீவிப் பார்த்தார். நல்ல நேரம், மாலை நாலு முப்பதிலிருந்து ஐந்து முப்பது வரை.

"நாலே முக்கால்," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். திரும்பி நிப்ராஸைப் பார்த்தார். "தம்பி, நீங்க இன்சூரன்ஸ் கம்பெனியில இருக்க வேண்டிய ஆளில்ல. எங்க கடையில இருந்திருக்கணும்."

உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். மூன்று மொழிப் பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டார். சுதர்ஷினி சாட்சியாகப் போட்டாள். வெளியே வந்து படிக்கட்டில் நின்று, தேம்பித் தேம்பி அழுதாள். எதிர்க்கடையிலிருந்து பார்த்த ஹமீத் நானா பதறிப்போய் ஓடிவந்தார். அவரைப் பார்த்ததும் இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக, கையெழுத்தாச்சு நானா என்றாள்.

வியாழக்கிழமை மீனம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. ஒன்றரை மணித்தியாலம். டாக்டர் ஒரு சின்னப் போத்தலில் கல்லைப் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். மீனம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இத்துனூண்டுக்கா நான் இந்தப் பாடுபட்டேன்," என்றாள்.

சனிக்கிழமை காலையில் டிக்கெட் வெட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சுதர்ஷினி படிவத்தோடு அக்காவின் கட்டிலுக்கு வந்தாள்.

"சுதா, செவ்வாக்கெழமைக்கு இன்னும் எத்தன நாளுடி இருக்கு?"

"மூணு நாள் இருக்கு. இன்னைக்குச் சனிக்கா, போறதுக்கு ஒண்ணும் தடையில்ல."

"அதுக்கில்ல. செவ்வா வரைக்கும் இழுத்தா புதன் வரைக்கும் இருக்கலாம்ல?"

"ஏன்க்கா? வலிக்குதா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல," என்றாள் மீனம்மா. போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். சொல்ல வெட்கப்படுகிற மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "முப்பத்தாறு வருஷத்துல காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்காம படுத்துக் கெடந்தது இந்த மூணு நாளுதான். அதான் கேட்டேன்."

சுதர்ஷினி படிவத்தில் வீட்டுக்குப் போகிற நேரத்தை எழுதி, கையெழுத்தை வாங்கிக்கொண்டாள். கீழே ஆட்டோ வந்ததும், சாமிமலைப் பக்கம் திருப்பப் போன டிரைவரைத் தடுத்து, ஹட்டனிலேயே தன் வீட்டுக்கு விடச் சொன்னாள். தோட்டத்துக்குப் போன் போட்டு, அக்கா பதினைந்து நாளைக்கு வேலைக்கு வரமாட்டாங்க என்று மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையாவிடம் சொன்னாள். அந்தச் சொல்லில் இருந்த சூட்டில் அவர் காரணம்கூடக் கேட்கவில்லை.

முதல் நாள் விடியற்காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனபோது, அக்கா இருட்டில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தலையைக்கூட வாரி முடித்துவிட்டாள். "படுக்கா," என்று அதட்டினாள் சுதர்ஷினி. இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் உட்கார்ந்திருக்கவில்லை, ஆனால் கண் திறந்திருந்தது. நான்காம் நாளும் அப்படித்தான்.

ஐந்தாம் நாள் தேத்தண்ணியோடு போனபோது, அக்கா வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு மணியானது, ஏழு மணியானது, வெயில் வந்து சுவரில் ஏறியது. சுதர்ஷினி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது. ஆறட்டும் என்று விட்டுவிட்டாள்.